இருவரும் ஒருவரே: ஒரு ‘டச்சு’ப் பெயரின் கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். வரலாற்றோடு என் தவறு ஒன்றும் இதில் வருகிறது.

போன மாதம் ஒரு காலை, வாசலில் நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் வந்து நின்றார். “சார், என்னைத் தெரியுதா? கருணாகரன். உங்ககிட்ட ஒண்ணாப்பு படிச்சவன்” என்றார். உட்காரச் சொன்னேன். அவருடைய அப்பாயி சாவதற்கு முன் பேரனுக்கு அரை ஏக்கர் நிலத்தை உயில் எழுதி வைத்திருக்கிறார். உயிலில் பேரன் பெயர் ஒண்டிக்கருப்பன். ஆதார், ரேஷன் கார்டு, பள்ளிச் சான்று எல்லாவற்றிலும் கருணாகரன். இருவரும் ஒருவரே என்பதற்கு என்ன ஆதாரம் என்று பட்டா மாற்றப் போன இடத்தில் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். அந்தக் கேள்விக்குக் காரணமானவன் நான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவர் போன பிறகு, ஓய்வுக்காலத்தில் நான் தேடித் தேடிப் படித்த ஒரு பெயர் நினைவுக்கு வந்தது. ஒண்டாட்ஜே.

‘தி இங்கிலீஷ் பேஷண்ட்’ நாவலுக்காக 1992-ல் புக்கர் பரிசு பெற்ற மைக்கேல் ஒண்டாட்ஜேயைப் பலர் அறிந்திருப்பீர்கள். 1943-ல் கொழும்பில் பிறந்தவர், கனடாவில் வாழ்பவர். ஆங்கிலத்தில் அந்தப் பெயரின் எழுத்துகளைப் பார்த்தால் யாரும் டச்சுப் பெயர் என்றே சொல்வார்கள். நடுவில் இரட்டை ‘ஏ’. கடைசியில் டி, ஜே, இ என்ற மூன்று எழுத்துகள். இந்த மூன்றெழுத்து முடிவு டச்சு மொழியின் முத்திரை மாதிரி. அவர்களுக்கு ‘கட்’ என்றால் பூனை. அதோடு ‘யே’ சேர்த்தால் சின்னப் பூனை. எழுதும்போது கடைசியில் அதே டி, ஜே, இ வந்துவிடும். சொல்லும்போது ‘கச்செ’ என்பதுபோல் ஒலிக்கும். டச்சில் ‘ஜே’ என்ற எழுத்துக்கு ஒலி ‘ய’. முன்னால் ‘ட்’ வந்து இரண்டும் சேர்ந்தால் நம் காதுக்குக் கிட்டத்தட்ட ‘ச்ச’.

இப்போது ஒண்டாட்ஜே என்பதை அந்த முறைப்படி வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒண்டாச்செ. இன்னும் ஒருமுறை சொன்னால் ஒண்டாச்சி. நெதர்லாந்து போய்விட்டது, நம் ஊர் வந்துவிட்டது!

இது என் கற்பனை இல்லை. அந்தக் குடும்பத்தின் வழிவழிச் செய்தியே இதுதான். அவர்களுடைய முன்னோர் தஞ்சாவூரிலிருந்து போன ஒரு தமிழ் வைத்தியர். டச்சுக்காரர்கள் அவர் பெயரைத் தங்கள் எழுத்துமுறையில் எழுதினார்கள். அந்த எழுத்தே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது.

காலத்தைச் சரிபார்ப்போம். வரலாற்றில் கதை கேட்டால் முதலில் ஆண்டைக் கேட்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன் அல்லவா? நாவலாசிரியர் தன் குடும்பத்தைப் பற்றி 1982-ல் எழுதிய ‘ரன்னிங் இன் தி ஃபேமிலி’ நூலில், முன்னோர் 1600-ல் வந்து ஆளுநரின் மகளைக் குணப்படுத்தினார் என்று வருகிறது. வம்சாவளிக் குறிப்புகளோ வேறு மாதிரி சொல்கின்றன. வந்த ஆண்டு 1659. குணமானவர் ஆளுநர் அட்ரியான் வான் டர் மெய்டனின் மனைவி. வைத்தியரின் பெயர் மிக்கேல் யூரி ஒண்டாட்ஜே. எதை ஏற்பது?

டச்சுக் கப்பல் முதன்முதலில் இலங்கைக் கரையைத் தொட்டதே 1602-ல்தான். அப்போது கொழும்பு போர்த்துக்கீசியர் கையில் இருந்தது. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி கொழும்பைப் பிடித்தது 1656 மே மாதம். யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் பிடித்தது 1658-ல். ஆகவே 1600-ல் கொழும்பில் டச்சு ஆளுநரும் இல்லை, அவருக்கு மகளும் இல்லை. 1659-ல் வான் டர் மெய்டன் அங்கே ஆளுநராக இருந்தார். வம்சாவளிக் குறிப்பு காலத்தோடு பொருந்துகிறது. நாவலாசிரியரைக் குறை சொல்லவில்லை. வீட்டுக் கதைகள் அப்படித்தான், நூறு வருடம் முன்னே பின்னே போகும்.

பெயரின் மற்ற பகுதிகளையும் பாருங்கள். மிக்கேல், யூரி இரண்டும் கிறித்தவப் பெயர்கள். யூரி, யூரியான் என்பவை டச்சில் ஜார்ஜ் என்ற பெயரின் வடிவங்கள். ஒண்டாட்ஜே மட்டும் ஊரிலிருந்து கொண்டு போன ஒலி.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. டச்சுக்காரர்கள் எல்லோருக்கும் அந்தக் காலத்தில் குடும்பப் பெயர் இருந்ததா என்றால், இல்லை. சாதாரண மக்களில் மிகப் பலர் நம்மைப்போல அப்பா பெயரைச் சேர்த்துக்கொண்டவர்கள்தான். 1619-ல் ஜாவாவில் பட்டாவியா நகரை நிறுவியவர் யான் பீட்டர்சூன் கூன். ‘பீட்டர்சூன்’ என்றால் பீட்டரின் மகன். நம் இனிஷியலை முழுசாக விரித்து எழுதினால் எப்படியோ, அப்படி. இதைச் சுருக்கி எஸ், இசட் என்று முடிப்பார்கள். இலங்கைப் பறங்கியர்களிடம் இன்றும் இருக்கும் யான்ஸ், அந்தோனிஸ் போன்ற பெயர்களின் கடைசியில் அந்த ‘மகன்’ ஒளிந்திருக்கிறான். நெப்போலியன் 1810-ல் ஹாலந்தைப் பிரான்சோடு இணைத்து, 1811 ஆகஸ்டில் குடும்பப் பெயர் இல்லாதவர்கள் ஒன்றைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று ஆணையிட்ட பிறகுதான் அந்த நாட்டில் இது எல்லோருக்கும் கட்டாயமானது. தஞ்சாவூர் வைத்தியர் வீட்டுக்கோ அதற்கு 150 ஆண்டுகள் முன்பே டச்சு எழுத்தில் ஒரு குடும்பப் பெயர் கிடைத்துவிட்டது!

இனி இந்தப் பெயர் எங்கெங்கே போனது என்று பார்ப்போம். டி யோங் என்ற பெயர் நெதர்லாந்தில் 80,000 பேருக்கு மேல் வைத்திருக்கும் பெயர். அப்படிப்பட்ட பெயர்களின் பயணத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஒண்டாட்ஜே மாதிரி அபூர்வமான பெயர் என்றால், அது எந்த ஊரில் தென்பட்டாலும் ஒரே குடும்பத்தின் தடம்தான்.

முதல் நூறு ஆண்டுகள் அந்தத் தடம் பெரும்பாலும் இலங்கைக்குள்தான். பிறகு வில்லெம் யூரியான் ஒண்டாட்ஜே என்பவர் ஹாலந்துக்குப் படிக்கப் போகிறார். கொழும்பில் கம்பெனி நடத்திய மதகுருமார் பயிற்சிப் பள்ளியிலிருந்து கெட்டிக்கார மாணவர்களை அங்கே அனுப்பும் வழக்கம் இருந்தது. அவர் சீர்திருத்தத் திருச்சபைப் போதகராகி, ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ஹெர்மினா க்விண்ட் என்ற பெண்ணை மணந்து கொழும்பு திரும்பினார். அவர்களுக்கு 1758 ஜூன் 18 அன்று ஒரு மகன் பிறந்தான். பீட்டர் பிலிப் யூரியான் ஒண்டாட்ஜே. முதல் வைத்தியரின் ‘யூரி’ இன்னும் நடுவில் இருப்பதைக் கவனித்தீர்களா? பின்னாளில் அவர் தாயின் குடும்பப் பெயரான க்விண்டையும் சேர்த்துக்கொண்டு க்விண்ட் ஒண்டாட்ஜே ஆனார்.

இந்தப் பையன் படிக்க நெதர்லாந்து போனான். உட்ரெக்ட் பல்கலைக்கழக மாணவனாக இருந்தபோது அந்த நாடே கொதித்துக்கொண்டிருந்தது. ஐந்தாம் வில்லியம் என்ற ஆட்சித்தலைவரின் அதிகாரத்தை எதிர்த்து ‘தேசபக்தர்கள்’ என்ற இயக்கம் கிளம்பியிருந்தது. நகரசபையில் யார் உட்காருவது என்பதை மேலே இருப்பவர் தீர்மானிக்கக் கூடாது, நகர மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. உட்ரெக்டில் ஆயுதம் ஏந்திய குடிமக்கள் படைக்கும் அந்தக் கோரிக்கைக்கும் முன்னணியில் நின்றவர் கொழும்பில் பிறந்த இந்த இளைஞர். 1786 ஆகஸ்டில் பழைய நகரசபையினர் பலர் நீக்கப்பட்டு, மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் பதவியேற்றார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்கு 3 ஆண்டுகள் முன்பு! டச்சு வரலாற்று நூல்களில் க்விண்ட் ஒண்டாட்ஜே என்ற பெயர் இதற்காகத்தான் இடம்பெறுகிறது.

அது நீடிக்கவில்லை. ஆட்சித்தலைவரின் மனைவி பிரஷ்ய மன்னரின் தங்கை. 1787 செப்டம்பரில் பிரஷ்யப் படை உள்ளே வந்தது. இயக்கம் நொறுங்கியது. ஆயிரக்கணக்கானோர் ஓடினார்கள். ஒண்டாட்ஜேயும் பிரான்சில் அடைக்கலம் புகுந்தார். 1795-ல் பிரெஞ்சுப் படையின் துணையோடு புதிய டச்சுக் குடியரசு அமைந்த பிறகு திரும்பி வந்தார். மீண்டும் மன்னராட்சி வந்த பின் நீதித்துறைப் பணிக்காக ஜாவாவுக்கு அனுப்பப்பட்டு, 1818 ஏப்ரல் 30 அன்று பட்டாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், 59 வயதில் காலமானார். தஞ்சாவூரிலிருந்து கிளம்பிய ஓர் ஒலி கொழும்பு, ஆம்ஸ்டர்டாம், உட்ரெக்ட், பிரான்ஸ், ஜாவா என்று ஐந்து இடங்களைப் பார்த்துவிட்டது.

இதற்குள் 1796-ல் கொழும்பை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். காலப்போக்கில் டச்சு பேசுவது தீவில் நின்றுபோனது. டச்சு எழுத்துமுறை மட்டும் குடும்பப் பெயர்களில் தங்கியது. 19-ஆம் நூற்றாண்டில் டபிள்யூ.சி. ஒண்டாட்ஜே என்பவர் மருத்துவத் துறையிலும் பேராதனைத் தாவரவியல் பூங்காவிலும் பணியாற்றினார். வைத்தியமும் மூலிகையும் இரண்டு நூற்றாண்டு கழித்தும் வீட்டைவிட்டுப் போகவில்லை பாருங்கள். 1908-ல் கொழும்பில் டச்சுப் பறங்கியர் சங்கம் தொடங்கப்பட்டபோது ஐரோப்பிய முன்னோரை ஆண்வழியில் காட்டுவதே தகுதி. ஒண்டாட்ஜே என்ற பெயரை அந்த ஆண்வழியில் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால், கடைசியில் நிற்பவர் தஞ்சாவூர்க்காரர்!

அடுத்த நகர்வு இலங்கை சுதந்திரத்துக்குப் பிறகு. 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. ஆங்கிலமே வீட்டுமொழியாக இருந்த பறங்கியர் பலர் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் கனடாவுக்கும் கிளம்பினார்கள். மைக்கேல் ஒண்டாட்ஜே அதற்கு முன்பே, 1954-ல், பதினோரு வயதில் தாயிடம் இங்கிலாந்து போய், 1962-ல் கனடா சேர்ந்தார். அண்ணன் கிறிஸ்டோபர் கனடாவில் தொழிலதிபரானார். 1964 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு வண்டிப் போட்டிக்கான கனடா அணியிலும் இடம்பெற்றார். 2016-ல் இலங்கையில் கண்டறிந்த ஒரு சிலந்தி இனத்துக்கு அறிவியலாளர்கள் ஒண்டாட்ஜே பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். குடும்பம் வெளியேறிய பிறகு, பெயர் மட்டும் சிலந்தியாகத் தீவுக்குத் திரும்பியிருக்கிறது.

ஒரு விஷயத்தை நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். குடும்பப் பெயர் என்பது அப்பா வழியில் ஓடுவது. அம்மாவின் பெயர் ஒரே தலைமுறையில் கரைந்துவிடும். க்விண்ட் என்ற தாய்வழிப் பெயரை மகன் தன் பெயரோடு சேர்த்ததால்தான் இன்று நாம் ஹெர்மினாவைப் பற்றிப் பேசுகிறோம். 200 ஆண்டுகள் கழித்து மைக்கேல் ஒண்டாட்ஜே புக்கர் பணத்தைக் கொண்டு இலங்கை எழுத்தாளர்களுக்கு ஒரு பரிசு தொடங்கினார். அதற்கு வைத்த பெயர் கிரேஷியன் பரிசு. கிரேஷியன் அவர் தாயின் குடும்பப் பெயர்.

இதுவரை படித்தவர்களுக்குப் பெருமையாக இருக்கும். “பார்த்தீர்களா, எங்கள் தமிழர்!” என்று பகிரத் தோன்றும். சற்றுப் பொறுங்கள். அதே 1659-ல் தஞ்சாவூரில் வேறு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அது வரலாறு.

விஜயராகவ நாயக்கர் காலம். பீஜப்பூர் படைகள் தஞ்சைச் சீமைக்குள் புகுந்து சூறையாடின. வயல்கள் பாழாயின, பஞ்சம் வந்தது. பசியில் தங்களையும் பிள்ளைகளையும் விற்கும் நிலைக்கு மக்கள் வந்தார்கள். 1659 முதல் 1661 வரை நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் டச்சுக் கம்பெனி 8,000 முதல் 10,000 பேர் வரை அடிமைகளாக வாங்கியது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொண்டு போனது இலங்கைக்கு. மற்றவர்களைப் பட்டாவியாவுக்கும் மலாக்காவுக்கும்.

அதே சீமை. அதே ஆண்டுகள். அதே கம்பெனி. போன இடமும் அதே இலங்கை. ஆனால் வைத்தியரின் பெயரை டச்சுக்காரர்கள் காது கொடுத்துக் கேட்டு எழுதினார்கள், ஏனென்றால் அவர் அவர்களுக்குத் தேவைப்பட்டார். அடிமைகளின் பெயரை யாரும் கேட்கவில்லை. டச்சுக்காரர் ஆட்சியில் அடிமைகளுக்கு எஜமானர் புதுப் பெயர் வைப்பார். அந்தோனி, கத்தரீனா என்று ஒன்றை வைத்து, பின்னால் ‘வான் பெங்காலன்’, ‘வான் கொரமண்டல்’ என்று ஏற்றிய கரையைச் சேர்ப்பார்கள். வங்காளத்திலிருந்து வந்தவர், சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர் என்று பொருள். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிப் பதிவேடுகளில் இத்தகைய பெயர்கள் நிறைய. மூட்டையில் ஊர் எழுதி அனுப்புவோமே, அதுபோல.

ஒண்டாட்ஜே என்ற பெயர் இன்றும் இருக்கிறது. எட்டாயிரம் பேரின் பெயர்கள் இல்லை. ஒரு பெயர் அபூர்வம் என்றால் அதை வைத்திருப்பவர்கள் குறைவு என்று மட்டும் நினைக்கிறோம். அதோடு புறப்பட்ட மற்ற பெயர்களை யாரும் எழுதி வைக்காததும் ஒரு காரணம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து 34 ஆண்டுகள் பள்ளியில் இருந்தேன். புதுக்கோட்டை, தஞ்சை எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்தில் 1987 ஜூன் மாதம் ஒரு மூதாட்டி பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். “பேரு?” என்றேன். “ஒண்டிக்கருப்பன் சாமி” என்றார். குலதெய்வத்தின் பெயர். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ‘ஒண்டி’ என்று மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்கள், நாளைக்குப் பெரிய இடத்துக்குப் போனால் நாகரிகமாக இருக்காது என்று நானே முடிவு செய்து, சேர்க்கைப் பதிவேட்டில் ‘கருணாகரன்’ என்று எழுதினேன். அவரிடம் கேட்கவில்லை. எழுதியதைப் படித்தும் காட்டவில்லை. கைநாட்டு வாங்கினேன். நல்லது செய்துவிட்டதாக நினைத்து மறந்தும் போனேன்.

அந்தக் காலத்தில் நிறைய ஆசிரியர்கள் அப்படிச் செய்தார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கு ஜூன் மாதத் தேதி போட்டோம், பெயர் பிடிக்காவிட்டால் பெயரை மாற்றினோம். ஆனால் பதிவேட்டின் முன்னால் பேனாவோடு உட்கார்ந்திருப்பவனுக்கும் எதிரே நிற்பவருக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பது இந்த டச்சுக் கதையைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. கொழும்பில் எழுதியவராவது காதில் விழுந்த ஒலியை எழுதினார். நான் அதைக்கூடச் செய்யவில்லை.

கருணாகரனிடம் “என்னால்தானேப்பா இந்தக் கஷ்டம்?” என்றேன். “அதெல்லாம் இல்ல சார். பள்ளிக்கூடத்துலயும் வேலையிலயும் இந்தப் பேருதான் சோறு போட்டுச்சு. ஆனா அப்பாயி மட்டும் சாகுற வரைக்கும் என்னைக் கருணாகரன்னு ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்ல சார்” என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். 1987-ஆம் ஆண்டு நான் பள்ளியில் சேர்த்த மாணவர் வீட்டில் ஒண்டிக்கருப்பன் என்று அழைக்கப்பட்டவர். பதிவேட்டில் கருணாகரன் என்று எழுதியவன் நானே. இருவரும் ஒருவரே. கீழே கையெழுத்தும், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்பதும், முகவரியும். மற்ற சான்றுகளோடு அதையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். வேலை நடந்துகொண்டிருக்கிறது.

ஒண்டாட்ஜேயும் ஒண்டாச்சியும் ஒருவரே என்று சொல்ல ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கதையைக் காப்பாற்றி வந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களுக்காக அப்படி ஒரு வரி எழுதித் தர இன்று யாரும் இல்லை. இருப்பவர்களுக்காவது எழுதி வைப்போம்.

என் மாணவச் செல்வங்களே, பள்ளியில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயருமாக வளர்ந்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். அந்த வீட்டுப் பெயரையும், அதை வைத்தவர் யார், ஏன் வைத்தார் என்பதையும் உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நான் சேர்த்த பிள்ளைகளில் என் பேனா மாற்றிய பெயர் இன்னும் யாருக்காவது இருந்தால் தயங்காமல் வீட்டுக்கு வாருங்கள். எழுதித் தருகிறேன். இன்னும் கை நடுங்கவில்லை.

அன்புடன், உங்கள் பழைய வாத்தியார்.